துசாந் விழாத கதை

1

இந்தக் கதை என் மூளையில் தானாக முளைத்ததல்ல. ஒருவன் கேட்டதால் எழுதுகிறேன். கேட்டவன் துசாந், பாண்டிருப்புக்காரன், கரைவலை இழுப்பவன், போன வருடம் ஆவணி மாதம் வரைக்கும் எங்கள் சைக்கிள் கூட்டத்தில் என் பின்சில்லை ஒட்டியபடியே வந்தவன். மருதமுனையில் நான் சாரன் மூட்டுகிற கடை வைத்திருக்கிறேன். தறியிலிருந்து வருகிற துணியின் இரண்டு தலைப்பையும் சேர்த்துத் தைத்து உடுக்கிற சாரனாக்குவது என் வேலை. வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதுவது என் விசர். இரண்டு மாதத்துக்கு முன்னர் அவன் கடைக்கு வந்து, தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் எடுத்துக் குடித்துவிட்டுச் சொன்னான்:

"நீ பேப்பருக்கெல்லாம் கதை எழுதிறாய்தானே மச்சான். நான் விழாத மாதிரி ஒண்டு எழுதன். அந்த ஒரு நாள மட்டும் மாத்தி எழுது. வாசிச்சுப் பாக்க ஆசையாக் கிடக்கு."

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். இடது கையால் என்று எழுதினேன் அல்லவா, விடயம் அதில்தான் இருக்கிறது. அவனுடைய வலது தோள் முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது, விரலிலும் பலமில்லை. கரைவலைக் கயிறு இழுக்கிறவனுக்குத் தோள்தான் சோறு போடுவது. இப்போது அவன் கயிற்றைத் தொடுவதில்லை. மற்றவர்கள் இழுத்துக் கரையேற்றிய மீனை மணலில் குந்தியிருந்து தரம் பிரிக்கிறான்.

"ஓம்" என்றேன். ஓம் சொல்வது எனக்கு எப்போதும் லேசு. (அந்த லேசால் வந்த வினையை இந்தக் கதைக்குள் சொல்லியே தீருவதென்று முடிவெடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இது ஒன்பதாவது தடவை. எட்டுத் தடவையும் சொல்லாமலே எழும்பியிருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "கச்சான் வீசும் காலத்தில் மாவடிப்பள்ளி வயல்கள் பொன்னாய் விரிந்து, கதிர்கள் தலையசைத்து—"

நிறுத்திவிட்டேன். அறுவடை முடிந்த வயலில் எந்தக் கதிர் தலையசைக்கும்? காற்றை அவ்வளவு வர்ணிக்கிறவன் எதையோ அதற்குப் பின்னால் ஒளிக்கிறான்.

இரண்டாவது தொடக்கம்: "அன்றைக்கு நான் என்னுடைய முன் டயரை..." இதுவும் நின்றது. 'நான்' என்று எழுதினால் பேனை தானாகவே எனக்குச் சாதகமாகச் சரிகிறது. மூன்றாவது வரியில் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது, ஐந்தாவது வரியில் எல்லாம் விதியாகிவிட்டது.

அதனால் அவனுக்கு முபீன் என்று பெயர் வைக்கிறேன். முபீன் நான்தான், அதில் ஒளிப்பு மறைப்பு இல்லை. அவனைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம், தேவையென்றால் இரண்டு போடவும் போடலாம்.

மூன்றாவது தொடக்கம். இது நிற்கும்.

சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, மறுநாள் ஓட்டத்துக்காக முபீன் தன் றேஸ் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். முன் டயரின் பக்கவாட்டில் ஒரு வெட்டு. சின்னவிரல் நகத்தின் அகலம். எந்த மதகுக் கல்லில் உரசியதோ தெரியவில்லை. காற்றடித்தபோது வெட்டு வாயைத் திறந்தது, உள்ளேயிருந்து டியூப் ஒரு பயறளவு வெளியே எட்டிப் பார்த்தது.

பக்கத்தில் வெட்டுப்பட்ட டயரைக் கழற்றி எறிய வேண்டும். அது முபீனுக்குத் தெரியும். தெரியாமல் செய்தான் என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது, எழுதமாட்டேன். அந்த அளவில் மெல்லிய டயர் கல்முனைக் கடைகளில் அன்றைக்கு இல்லை. கொழும்பிலிருந்து வர நாலு நாள். ஓட்டமோ விடிந்தால். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் என்ன குறைந்துபோய்விடும்? ஒன்றும் குறையாது. ஆனால் அந்தப் பருவத்தில் கூட்டத்துக்கு முன்னால் நின்று காற்றை உடைப்பவன் முபீன்தான். அந்தப் பெருமையை ஒரு கிழமைக்கு இன்னொருவனிடம் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊரில் கிழிந்ததற்கெல்லாம் நூல்தான் மருந்து. செருப்பு வார், பள்ளிக்கூடப் பை, மோட்டார் சைக்கிள் சீற், பிள்ளைகளின் பந்து, எதுவென்றாலும் ஊசியைக் கொண்டா என்போம். முபீன் வளைந்த ஊசியை எடுத்தான். தறிகளில் கட்டுகிற முறுக்கிய நைலோன் நூல் இருக்கிறதே, யானையைக் கட்டினாலும் அறாது என்று சொல்வார்கள், அதை இரட்டையாகக் கோர்த்தான். பன்னிரண்டு தையல். ஒவ்வொன்றும் அரிசி மணி நீளம். அதற்கு மேலே கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் தேய்த்தான். காற்றை நூறு இறாத்தல் அழுத்தத்துக்கு ஏற்றிப் பார்த்தான். டியூப் எட்டிப் பார்க்கவில்லை. தையல் இருந்த இடம் அவன் கண்ணுக்கே தெரியவில்லை.

அவன் வேலை செய்த அழகைப் பற்றி இன்னும் ஒரு பந்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்த அழகுதான் நாசம் செய்தது.

3

வாசகர் சைக்கிள்காரரா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றால் இரண்டு விடயம் சொல்ல வேண்டும்.

ஒன்று: வேகமாகப் போகிற கூட்டத்தில் முன்னே போகிறவன் காற்றை வாங்குவான், பின்னே வருகிறவன் அவன் மறைவில் வருவான். மறைவு வேண்டுமென்றால் நெருங்க வேண்டும். முன்னவனின் பின்சில்லுக்கும் பின்னவனின் முன்சில்லுக்கும் நடுவே ஒரு முழம், சில நேரம் ஒரு சாண். அந்தச் சாணுக்குள் பிரேக் பிடிக்க நேரமில்லை. ஆகவே உன் டயர் உனக்கு மட்டும் சொந்தமானதல்ல, பின்னால் வருகிறவனும் அதில்தான் ஏறி வருகிறான்.

இரண்டு: பின் டயர் வெடித்தால் சைக்கிள் வாலை ஆட்டும், ஆளைப் பெரும்பாலும் விட்டுவிடும். முன் டயர் வெடித்தால் ஹாண்டில் உங்கள் சொல் கேட்காது.

இதனால்தான் இருப்பதில் நல்ல டயரை முன்னுக்குப் போடு என்பார்கள். முபீன் மற்றவர்களுக்கு அடிக்கடி சொல்லும் புத்திமதி இது. ஊருக்குத்தான் உபதேசம்.

அன்றைக்குக் கல்முனையில் சேர்ந்து, காரைதீவில் திரும்பி, மாவடிப்பள்ளி தாண்டி அம்பாறைக்குப் போனார்கள். பன்னிரண்டு பேர். போகும்போது கச்சான் காற்று மேற்கிலிருந்து முகத்தில் அடித்தது. திரும்பும்போது அதே கச்சான் முதுகில் கைவைத்துத் தள்ளியது. வெயில் ஏறியிருந்தது, தார் கொதித்தது. வேகம் மணிக்கு நாற்பத்து நான்கு கிலோமீற்றர். யாரும் கஷ்டப்படவில்லை. மாவடிப்பள்ளி வயல் நடுவே றோட்டின் இரு கரையிலும் நெல்லைக் காயப் போட்டிருந்ததால் நடுவில் ஒடுக்கமான தார்தான் மிச்சம். முபீன் முன்னால். அவனுக்குப் பின்னால் ஒரு சாணில் துசாந், பாடிக்கொண்டு வந்தான். அப்போது முன் சில்லிலிருந்து

இந்த வசனத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை. எட்டுத் தடவையும் இந்த இடத்தில் இப்படியேதான் நிற்கிறது. சத்தத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சத்தமில்லை, பெருநாள் பலூன் வெடிப்பதைவிடக் கொஞ்சம் கூட.

முபீன் நெல்லில் விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு, வாய்க்குள் நாலு நெல். துசாந் அவன் சைக்கிளில் மோதித் தூக்கி எறியப்பட்டுத் தாரில் விழுந்தான், வலது தோளால்.

எல்லோரும் துசாந்தைச் சுற்றி ஓடினார்கள். முபீனும் ஓடினான், அதையும் எழுத வேண்டும், அவன் அழுதான். ஆனால் ஓடுவதற்கு முன் ஒரு தடவை தன் டயரைப் பார்த்தான். தையல் அறவில்லை. பன்னிரண்டில் ஒன்றுகூட அறவில்லை. நூல் அவ்வளவு பலமாக இருந்ததால், அதன் இரண்டு பக்கமும் இருந்த ரப்பரை அதுவே வாளைப் போல அறுத்துக்கொண்டு போயிருந்தது.

4

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்த துசாந் கேட்ட முதல் கேள்வி: "போத்தல் ஓட்டில ஏறிட்டியா மச்சான்?"

முபீன் தலையை ஆட்டினான். "ஓம்."

அவ்வளவுதான். ஒரு பொய்யை யோசித்து, சோடித்துச் சொல்லவில்லை. தட்டில் வைத்து நீட்டினார்கள், எடுத்துக்கொண்டான்.

அந்தப் போத்தல் ஓடு, உடைந்த போத்தலின் கண்ணாடித் துண்டு, அதன் பிறகு வளர்ந்தது. கூட்டத்தில் ஒருவன் அதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னான். நிறம் பச்சை என்றும் சொன்னான். துசாந் கை ஓரளவு தேறியதும் தினமும் காலையில் மீன் பை ஒன்றோடு பாண்டிருப்பு றோட்டோரம் நடக்கத் தொடங்கினான். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குகிறான். இன்னொருவன் விழக்கூடாதாம். இல்லாத ஒரு துண்டுக்காக மாதக்கணக்காகக் குனிந்து நிமிர்கிறான், எழும்பாத கையோடு.

எங்கள் கூட்டமும் அன்றிலிருந்து றோட்டைத்தான் பார்க்கிறது. டயரை யாரும் பார்ப்பதில்லை.

நோன்புப் பெருநாளைக்கு முபீன் புரியாணிச் சட்டியோடு துசாந் வீட்டுக்குப் போனான். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பெருநாளில் கட்டித் தழுவி, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதுகள மன்னிச்சிக்கங்க" என்போம். மொத்த வியாபாரம் மாதிரி. எது என்று சொல்ல வேண்டியதில்லை, எது என்று கேட்கவும் மாட்டார்கள். முபீன் அதைச் சொன்னான். சொல்லும்போது நெஞ்சில் ஒரு பாரம் இறங்குவதாகக்கூட உணர்ந்தான், கள்ளன்.

துசாந் சொன்னான்: "நீயும் என்ன மன்னிச்சுக்க மச்சான். நான் உன்ர சில்லுக்கு அவ்வளவு கிட்ட வந்திருக்கக்கூடாது. பிழை என்னிலதான்."

முபீன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான்.

5

கதை எழுதுகிறவர்களுக்குள் ஒரு சட்டம் இருக்கிறது: முதலில் டயரில் வெட்டைக் காட்டினால் முடிவதற்குள் அது வெடித்தாக வேண்டும். துசாந் கேட்டது அந்தச் சட்டத்தை உடைக்கிற கதை. உடைக்க எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் சிபானா வந்தாள்.

சிபானா உடற்பயிற்சி ரீச்சர். (அப்படி ஒருத்தி எங்கள் கூட்டத்தில் இல்லை, இருந்ததுமில்லை.) ஓட்டம் புறப்படுமுன் வரிசையாக நிற்கிற சைக்கிள்களுக்கு நடுவே வருவாள். ஒவ்வொரு டயரையும் சில்லைச் சுற்றிச் சுற்றிப் பெருவிரலால் அமர்த்துவாள். ரப்பருக்குள்ளிருந்து நூல் தெரிகிறதா, எங்கேயாவது வீங்கியிருக்கிறதா, நடுவில் தேய்ந்து தட்டையாகிவிட்டதா, வெயில் நாளில் காற்று அளவுக்கு மிஞ்சியிருக்கிறதா. முபீனிடம் வந்து நின்றாள்.

"இதென்ன, இந்த இடம் மட்டும் மினுங்குது?"

"தெரியல்ல ரீச்சர். ஒயில் பட்டிரிக்கும்."

சிபானா நகத்தால் சுரண்டினாள். பொலிஷ் உரிந்து தையல் பல்லைக் காட்டியது.

"இறங்குங்க. இண்டைக்கு நீங்க போறல்ல."

முபீன் இறங்கினான். பதினொரு பேர் போனார்கள், பதினொரு பேர் திரும்பி வந்தார்கள். துசாந் கடைசி வரைக்கும் பாடிக்கொண்டு வந்தான். முற்றும்.

எவ்வளவு நல்ல கதை! அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் என் மனைவி பஸ்மினா தாள்களை வாசித்துவிட்டு, தேத்தண்ணியை மேசையில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். இவளை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்திருந்தால் இவ்வளவு கதைக்க விட்டிருக்கமாட்டேன்.

"இந்தச் சிபானா ஆரு?"

"கதைக்கு ஒரு ஆள்."

"டயர்ல வெட்டு இரிக்கிண்டு ஒங்களுக்கு முதலே தெரியும்தானே? தெரிஞ்ச நீங்க வாயப் பொத்திக்கி நிப்பீங்க, ஒருத்தி வந்து சுரண்டிக் கண்டுபுடிக்கணும். ஒங்கட வாய்க்குப் பதிலா ஒரு பொம்புளைய உண்டாக்கி வெச்சிரிக்கீங்க."

"கதைதானே பஸ்மினா."

"துசாந் கேட்டது கதை. ஒங்களுக்கிட்ட இரிக்கிறது கடன்." அவள் எழும்பி நின்றாள். "அஞ்சு நேரமும் அல்லாஹ்வுக்கிட்ட மாப்புக் கேக்கிறீங்க. இது அல்லாஹ்வுக்குச் செஞ்ச பிழையா? துசாந்துக்குச் செஞ்சது. அவன்தான் மன்னிக்கணும். என்னத்த மன்னிக்கிறண்டு அவனுக்குத் தெரிஞ்சிரிக்கணும்."

நான் அந்தப் பக்கங்களைக் கிழிக்கவில்லை. மேலே அப்படியே விட்டிருக்கிறேன், நான் எவ்வளவு தூரம் சுற்றி ஓடினேன் என்பதற்குச் சாட்சியாக. சிபானா ரீச்சரை மட்டும் அனுப்பிவைக்க வேண்டியிருக்கிறது. போயிட்டு வாங்க ரீச்சர். பெருவிரலை விட்டுவிட்டுப் போங்கள், எனக்குத் தேவைப்படும்.

6

இதோடு இந்தக் கதையைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியிருப்பேன். ஆனால் இன்றைக்கு, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்தபோது றிபாஸ் வந்து நின்றான். தபால் கந்தோரில் வேலை செய்கிறவன், என்னை அண்ணன் முறையில் காக்கா என்கிறவன், எங்கள் கூட்டத்தில் இப்போது வேகமானவன். கையில் ஒரு டயர். நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அறுகம்பே வரைக்கும் போகிறது, எழுபது கிலோமீற்றருக்குக் கூட. அவன்தான் முன்னால்.

"காக்கா, சைட்ல ஒரு சின்ன வெட்டு. நீங்க தெச்சாத் தெரியவே தெரியாதாமே. கொஞ்சம் தெச்சுத் தாங்களன்."

"ஆரு சொன்ன?"

"ஒங்கட தையல் ஆருக்குத் தெரியா? சீற் தெச்சுத் தந்தீங்களே. றோட்டுல போத்தல் ஓட்ட மட்டும் பாத்துப் போனாச் சரிதானே காக்கா."

என் பொய்யை என்னிடமே கொண்டுவந்து, தைத்துத் தரச் சொன்னான். 'ஓம்' நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வெச்சிட்டுப் போ" என்றேன். 'தைக்கமாட்டேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்பதை முதலில் கேட்க வேண்டியவன் அவனல்ல.

இப்போது என் மேசையில் இரண்டு டயர்கள் இருக்கின்றன. ஒன்று றிபாஸுடையது. மற்றது, சாரன் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு வருடமாக நான் ஒளித்து வைத்திருந்தது. அதை ஏன் எறியவில்லை என்று கேட்காதீர்கள். எறிந்திருந்தால் போத்தல் ஓடு உண்மையாகியிருக்கும்.

7

முடிவுகள்.

முதலாவது: டயர் வெடிக்கவில்லை, தையல் தாங்கியது, எல்லோரும் சுகம். இதை எழுதினால் றிபாஸ் வாசிப்பான். வேண்டாம்.

இரண்டாவது: றோட்டில் உண்மையாகவே ஒரு பச்சைப் போத்தல் ஓடு கிடக்கிறது, முபீன் நிரபராதி. இதை எழுதிவிட்டேன், நன்றாகவும் வந்தது. வாசித்தால் எனக்கே நம்பிக்கை வருகிறது. அதனால்தான் நெருப்பில் போட்டேன்.

மூன்றாவது: முபீன் கடற்கரைக்குப் போகிறான். துசாந் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறான். முபீன் எல்லாவற்றையும் சொல்கிறான். துசாந் நிமிர்ந்து பார்த்து, கண்கலங்கி, "விடு மச்சான்" என்று சொல்லி

இல்லை. அவன் அப்படிச் சொல்வான் என்று எழுத நான் யார்? அவனுடைய தோளை ஒரு தடவை அவனைக் கேட்காமல் எடுத்தேன். அவனுடைய மன்னிப்பையும் கேட்காமல் எடுத்து என் கதைக்குள் போட்டுக்கொள்வதா? அவன் என் முகத்தில் மீனை எறியவும் கூடும். எறிய அவனுக்கு இடது கை இருக்கிறது.

8

துசாந்,

இவ்வளவு நேரமும் 'வாசகர்' என்று யாரோ தெரியாத ஆளைக் கூப்பிடுவது போல நடித்தேன். உனக்கே சைக்கிள் விளக்கம் சொன்னேன், அந்த இடத்தில் சிரித்திருப்பாய். வாசகர் நீதான். இந்தத் தாள்களை நீ வாசிக்கிறாய் என்றால் சனிக்கிழமை காலை விடிந்துவிட்டது, நான் உன் வீட்டு வாசல் படலைக்கு வெளியே நிற்கிறேன். கதையைத் தந்துவிட்டு ஓடிப்போகவில்லை. அதுவும் ஒரு ஒளிப்புத்தான் என்று பஸ்மினா சொன்னாள்.

போத்தல் ஓடு இருக்கவில்லை. நீ கிட்ட வந்ததும் பிழையில்லை, கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் வருவோம். டயர் வெட்டுப்பட்டிருந்தது எனக்குத் தெரியும். நான் தைத்தேன், பொலிஷ் பூசினேன், உன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு நாற்பத்து நான்கில் போனேன். முபீன் என்று மேலே எழுதிய இடங்களில் எல்லாம் நான்தான்.

அந்த டயரைக் கொண்டுவந்திருக்கிறேன். பன்னிரண்டு தையலும் அப்படியே இருக்கின்றன. உன் விரலால் தொட்டுப் பார்.

நீ என்ன சொன்னாலும் மாறாத ஒன்றை மட்டும் இப்போதே எழுதிவைக்கிறேன். நாளைக் காலை ஐந்தரைக்குக் கல்முனையில் கூட்டம் சேரும். அங்கே ஒவ்வொரு டயரையும் என் பெருவிரலால் சுற்றிச் சுற்றி அமர்த்திப் பார்ப்பேன். பிழையான டயரோடு ஒருவரையும் புறப்பட விடமாட்டேன், றிபாஸ் ஆனாலும் சரி, நானானாலும் சரி. ஏன் என்று கேட்பார்கள். இந்த டயரை எல்லோருக்கும் நடுவில் போட்டுவிட்டுச் சொல்வேன். நீ மன்னித்தாலும் சொல்வேன், மன்னிக்காவிட்டாலும் சொல்வேன். அது வரைக்கும்தான் என் கதை.

நீ விழாத கதையைக் கேட்டாய். என்னால் எழுத முடியவில்லை மச்சான். நீ விழுந்தாய், விழுத்தியது நான். இதற்கு மேல் நடப்பதை எழுதுகிற உரிமை உன்னுடையது. கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். ஏசுவதென்றாலும் எழுது, இனி என் படலைக்கு வராதே என்றாலும் எழுது.

இடது கையால் எழுதுவது கஷ்டமென்றால் வாயால் சொல். நான் படலைக்கு வெளியேதான் நிற்கிறேன். நீ சொல்வதை நானே எழுதிக்கொள்கிறேன், ஒரு சொல்லும் மாற்றாமல்.